உடம்பில் ஈஸ்ட் பெருகினால் என்ன செய்வது? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு செய்முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெண்கள் மெடிக்கலில் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குவது அரிப்புக் களிம்பு. போட்டால் நாலு நாள் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இப்படியே வருடக்கணக்காகக் காலம் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்களுக்கும் இது பொருந்தும்.

கேண்டிடா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் பெண்ணுறுப்பிலும் சாதாரணமாகவே இருப்பது. அதை அடியோடு ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். கூடவே வாழும் நல்ல பாக்டீரியாக்களும் நம் எதிர்ப்புச் சக்தியும் அதை அளவோடு வைத்திருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலோ, தோலில் ஈரம் தங்கினாலோ, சில மருந்துகள் அந்தச் சமநிலையைக் குலைத்தாலோ அது பெருகுகிறது. களிம்பு பெருகியதைக் குறைக்கும். பெருக வைத்த காரணம் அப்படியே இருந்தால் அது திரும்ப வரத்தான் செய்யும்.

படி 1: ஈஸ்ட்தானா என்று உறுதி செய்யுங்கள்

பெண்ணுறுப்பில் கடும் அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வெள்ளைப்படுதல், பெரிதாக நாற்றம் இல்லை என்றால் ஈஸ்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன் வாடை அடித்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கு மருந்தே வேறு. மார்புக்கு அடியில், அரையிடுக்கில், தொப்பை மடிப்பில் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகளோடு அரித்தால் அதுவும் இதுவாக இருக்கலாம். வாயில், நாக்கில் வெள்ளைப் படலம் படிந்து, துடைத்தால் கீழே சிவப்பாகத் தெரிவது இன்னொரு வகை.

காலையில் எழுந்ததும் தண்ணீர் டம்ளரில் எச்சில் துப்பி, நூல் நூலாக இறங்கினால் உடம்பு முழுக்க ஈஸ்ட் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அந்தச் சோதனைக்கு எந்த ஆதாரமும் இல்லை. முதல் முறை வருகிறது என்றால் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது. பார்த்தும், தேவைப்பட்டால் பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துச் சோதித்தும் சொல்லிவிடுவார்கள்.

படி 2: சுகர் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், அரிப்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. திரும்பத் திரும்ப வரும் ஈஸ்ட் சில சமயம் சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக இருக்கும். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5-ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சுகர் பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நடக்க முடியாத ஆச்சிகள் இருக்கும் வீட்டில் இதைக் கேட்டு வையுங்கள்.

படி 3: சாப்பிடும் மாத்திரைகளைக் கணக்கெடுங்கள்

சளிக்கும் காய்ச்சலுக்கும் தானாக வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். அதனால்தான் அந்த கோர்ஸ் முடிந்த கையோடு அரிப்பு தொடங்குகிறது. ஸ்டீராய்டு மாத்திரையும் காரணமாகலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் செட் போட்டிருக்கும் பெரியவர்கள் இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

சுகருக்கே கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அந்தச் சர்க்கரை படும் இடத்தில் ஈஸ்ட் வளர வாய்ப்பு கூடுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மாத்திரை என்பதால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அரிக்கிறது என்று மட்டும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 4: ஈரத்தை விரட்டுங்கள்

நம் ஊர் வெயிலில் வேர்க்காமல் இருக்க முடியாது. ஆனால் வேர்வை மடிப்புகளில் தங்காமல் பார்த்துக்கொள்ளலாம். குளித்ததும் அவசரமாகச் சேலை சுற்றாமல், மார்புக்கு அடியிலும் அரையிடுக்கிலும் கால் விரல் இடுக்கிலும் ஒற்றித் துடைத்து, இரண்டு நிமிடம் காற்றாட விடுங்கள். உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி, நம் அப்பத்தாக்கள் தினமும் கட்டிய பருத்திச் சேலைதான். நைலான் நைட்டியையும் இறுக்கமான லெகின்ஸையும்விட அந்தத் துணி இந்த வெயிலுக்கு எவ்வளவோ மேல்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆதங்கம் துணி காயப்போடுவது பற்றியது. வானம் பார்த்த வளவு, வெயில் கொட்டும் முற்றம், பெரிய மொட்டைமாடி எல்லாம் இருந்தும், பெண்களின் உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் மட்டும் இருட்டறையில், இன்னொரு துணிக்கு அடியில்தான் ஈரம் போகாமல் காய்கின்றன. யாராவது பார்த்துவிடுவார்களாம். அரைகுறை ஈரத்தோடு அதையே மறுநாள் போட்டுக்கொண்டால் எந்தக் களிம்பும் பலன் தராது. மாடியில் ஒரு கொடியைப் பெண்களுக்கென்றே ஒதுக்குங்கள். மாமியாரோ மாமனாரோ முகம் சுளித்தால், வீட்டுப் பிள்ளையின் உடம்பு முக்கியம் என்று கணவர் எடுத்துச் சொல்லட்டும்.

கல்யாண வீட்டுச் சமையல் வேலைக்கும் பாத்திரம் தேய்க்கவும் போகிறவர்களுக்கு, நாள் முழுக்கக் கை தண்ணீரிலேயே ஊறி நகத்தைச் சுற்றி வீங்கி வலிக்கும். அங்கேயும் பெரும்பாலும் ஈஸ்ட் சேர்ந்திருக்கும். உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போட்டு வேலை பாருங்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதை வாங்கிக் கொடுப்பதுதான் முறை.

பெண்ணுறுப்பின் உள்ளே சோப்போ டெட்டாலோ போட்டுக் கழுவ வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர் போதும். பூண்டு, தயிர், வேப்பிலை அரைத்தது என எதையும் உள்ளே வைக்கக் கூடாது. வெந்து புண்ணாகிவிடக்கூடும்.

படி 5: சாப்பாடு

சுகர் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஈஸ்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். விருந்துப் பந்தியில் கவுனி அரிசி வந்ததும் "கருப்பரிசி, உடம்புக்கு நல்லது" என்று ஆச்சிகள் இன்னொரு கரண்டி வைப்பார்கள். அதில் விழும் சீனியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கந்தரப்பத்து வெல்லமும் கும்மாயத்துக் கருப்பட்டியும் சுகரை ஏற்றத்தான் செய்யும். நல்ல நாளில் ஒரு வாய் ருசி பார்க்கலாம், தினசரிப் பலகாரமாக வேண்டாம். வெண்டைக்காய் மண்டி, கீரை மசியல், பயறு, நாட்டுக்கோழி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்.

சுகர் இல்லாதவர் இனிப்பை அடியோடு விட்டால் ஈஸ்ட் போய்விடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. புளித்த மாவு ஆகாது, இட்லி ஆகாது, ரொட்டி ஆகாது என்ற பட்டியல்களும் தேவையில்லை. ரொட்டியைப் பொங்க வைப்பது வேறு ஈஸ்ட். மோரும் நீராகாரமும் நல்ல உணவு, மருந்து இல்லை. தேங்காய் எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் கேண்டிடாவை அடக்கியிருக்கிறது, ஆனால் தோல் மடிப்பில் தடவினால் பிசுபிசுப்பு இன்னும் கூடும்.

படி 6: சரியான மருந்து, சொன்ன நாள் முழுவதும்

தோலுக்கு க்ளோட்ரிமசோல் களிம்பு, பெண்ணுறுப்புக்கு அதே மருந்தில் உள்ளே வைக்கும் மாத்திரை, சிலருக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதுவார். அரிப்பு அடங்கியதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை போடுங்கள். கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலைத் தாமாக விழுங்கவே கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

டியூபைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பை உடனே அமுக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளுக்குள் வளர விடும், தோலையும் மெலிய வைக்கும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கையில் கிடைக்கிறது.

படி 7: உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தம் கலந்து வருதல், விழுங்கும்போது வலி, கர்ப்பம், புற்றுநோய்ச் சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். காரணமே தெரியாமல் பெரியவர்கள் வாயில் வெள்ளைப் படலம் வந்தால் சுகரோடு ஹெச்ஐவி பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால், ஒவ்வொரு முறையும் தனித்தனியாக மருந்து போடுவது போதாது. மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சை தேவைப்படலாம். போகும்போது ஒரு தாளில் வந்த தேதிகள், அதற்கு முன் சாப்பிட்ட மாத்திரைகள், போட்ட களிம்புகளின் பெயர், கடைசி சுகர் அளவு இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் நீட்டிவிடலாம்.