கரு கலைந்த பிறகு, ஒழுங்கில்லாத பீரியட்ஸோடு மறுபடி முயன்றது

கலைந்த பிறகு எனக்கு பீரியட்ஸ் ஒரு ஒழுங்கில் வரவே இல்லை, ஒரு மாதம் சீக்கிரம், அடுத்தது நாற்பது நாளைத் தாண்டி. மொபைல் ஆப் பச்சை வட்டம் போட்டுக் காட்டும் 14ஆம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்காரர்களுக்குத்தான். முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் இரண்டு வாரம் முன்னால், அது எப்போது வரும் என்று தெரியாதவள் எதைப் பின்னோக்கி எண்ணுவது?

முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் எகிறும் எல்ஹெச் ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் எல்ஹெச் ஸ்ட்ரிப்பும் என் விஷயத்தில் உதவவில்லை. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் அந்த ஹார்மோன் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதனால் பொய்க்கோடு விழும். கலைந்த புதிதில் மிச்சமிருக்கும் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனும் அதில் கோடு காட்டும்.

அப்புறம் டாக்டர் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைவாக இருந்தது. விடியற்காலை வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரத்துக்குக் காபி கிடையாது (இதுதான் பெரிய தியாகம்). அளவு சரியானதும் முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை ஐந்து நாள், கூடவே முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்கேன். முட்டை இருக்கும் சின்னப் பை (ஃபாலிக்கிள்) 18 மில்லிமீட்டரைத் தாண்டியதைத் திரையில் பார்த்த பிறகுதான் தேதி பற்றிய ஊகம் ஒழிந்தது. விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும், முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள், அதனால் ஸ்கேனுக்கு முன்பிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேரச் சொன்னார்கள்.

"பப்பாளி சாப்பிட்டியா?" என்று கேட்ட அத்தைகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஃபோலிக் ஆசிட் மட்டும் விடவில்லை. டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதும் டாக்டர் முதலில் செய்தது தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியதுதான்.