'அன்டில்' என்றால் 'வரை' மட்டும்தானா?

'அன்டில்' (until) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வரை' என்று பொருள் படித்துவிட்டுத் தமிழ் வாக்கியத்தை அப்படியே மாற்றுவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

முதல் பிழை, இரட்டை எதிர்மறை. 'நீங்கள் பணம் கட்டாத வரை பொருள் வராது' என்பது நல்ல தமிழ். அதை 'அன்டில் யூ டோன்ட் பே' என்று மாற்றினால் தவறு. 'அன்டில்' ஒரு செயல் நடக்கும் கணத்தைச் சுட்டுகிறது. 'கட்டாமல் இருக்கும் காலத்தை' அல்ல. ஆகவே 'அன்டில் யூ பே' போதும். தமிழில் 'கட்டும் வரை' என்று ஒருமுறை மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் இது தானே சரியாகிவிடும். 'அன்டில் அன்லெஸ்' என்று இரண்டையும் சேர்த்து அடுக்குவதும் வேண்டாம். காலம் என்றால் 'அன்டில்', நிபந்தனை என்றால் 'அன்லெஸ்'.

அடுத்தது, 'வரை'க்கும் 'க்குள்'ளுக்கும் உள்ள வேறுபாடு. ஐந்து மணி வரை அலுவலகத்தில் இருப்பேன் என்பதற்கு 'அன்டில் ஃபைவ்'. ஐந்து மணிக்குள் அறிக்கையை அனுப்புவேன் என்பதற்கு 'பை ஃபைவ்'. வினையோடு 'தொடர்ந்து' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'அன்டில்', இல்லையென்றால் 'பை'.

பலர் கவனிக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. 'ஐந்து மணி வரை அவர் வரவில்லை' என்றால், பிறகு வந்தாரா என்பது தமிழில் தெரியாது. 'ஹி டிடின்ட் கம் அன்டில் ஃபைவ்' என்றாலோ, கேட்பவர் பெரும்பாலும் 'ஐந்து மணிக்குத்தான் வந்தார்' என்றே எடுத்துக்கொள்வார். இன்னும் வரவில்லை என்று சொல்ல 'ஹி ஹேஸின்ட் கம் யெட்' வேண்டும். சம்பளம் வராததைப் புகார் செய்யும் மின்னஞ்சலில் இதைக் குழப்பினால், வந்துவிட்டது என்றே பொருளாகிவிடும்!

எதிர்காலத்தைப் பேசும்போதும் 'அன்டில்' தொடங்கும் பகுதியில் 'வில்' வராது: 'வெயிட் அன்டில் ஹி கம்ஸ்'. 'அன்டில் ஹி வில் கம்' தவறு.

எண்ணுக்கும் இடத்துக்கும் தமிழ் அதே 'வரை'யைத்தான் பயன்படுத்துகிறது, ஆங்கிலம் அப்படியல்ல. பத்து வரை எண்ணுவது 'கவுன்ட் டு டென்', பாலம் வரை நடப்பது 'ஆஸ் ஃபார் ஆஸ் தி பிரிட்ஜ்'.

'அன்டில் மண்டே விடுமுறை' என்றால் திங்களும் விடுமுறையா? ஆங்கிலம் பேசுவோருக்கே இதில் ஐயம் உண்டு. விடுப்புக் கடிதத்தில் 'ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே' என்று திரும்பும் நாளையே எழுதிவிடுவது நல்லது.

எழுத்துக்கூட்டலில், 'அன்டில்' ஒரே 'எல்'லோடு முடியும். 'டில்' இரண்டு 'எல்'லோடு. 'டில்' என்பது 'அன்டில்' சுருங்கி வந்தது என்று நினைத்துச் சிலர் அதன் முன்னால், எழுத்து விடுபட்டதைக் காட்டும் 'அபாஸ்ட்ரஃபி' குறியை இடுகிறார்கள். உண்மையில் 'டில்'தான் மூத்த சொல்.