இழுத்துக்கொண்டு போகும் முன்பே காரை நீங்களே விற்றுவிடுங்கள்

சிங்கப்பூரில் கார் லோன் தவணை ரெண்டு மாசம் தள்ளிப்போகும் போலத் தெரிந்தால், ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காமல், கடனை இன்றைக்கே முடித்தால் எவ்வளவு என்ற தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; அப்புறம் மூன்று நாலு டீலரிடம் விலை கேளுங்கள், அரசின் ஒன்மோட்டோரிங் இணையதளத்தில் சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கும் பத்து வருஷ உரிமைச் சான்றிதழ்), பார்ஃப் (காரின் பதிவை நீக்கும்போது பதிவுக் கட்டணத்தில் திரும்பத் தரும் பங்கு) இரண்டிலும் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் பாருங்கள்.

வண்டியை அவர்கள் இழுத்துப்போனால் ஏலத்தில் கிடைக்கும் விலை பெரும்பாலும் குறைவு, அதோடு இழுத்த கூலி, நிறுத்திவைத்த வாடகை எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். கார் போன பிறகும் மிச்சக் கடன் உங்கள் தலையில்தான். மீதி அசலை நீங்களே வகுத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆரம்ப மாதங்களில் வட்டியே அதிகம் கழிந்திருக்கும் என்பதால் நிஜத் தொகை நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக வரும்.

விற்கும் விலை கடனுக்குக் கீழே போய், வித்தியாசத்தைக் கட்டக் கையில் காசும் இல்லையென்றால் இந்த வழி உதவாது, ஏனென்றால் கடன் தீராமல் பெயர் மாற்ற முடியாது. அப்போது தவணைக்காலத்தை நீட்டச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பத்து வருஷம் தாண்டி சிஓஇ புதுப்பித்த காருக்கு பார்ஃப் கிடையாது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.