பின் உள்ளே போகிறதே என்று அடாப்டரைச் செருகிவிடாதீர்கள்

பழைய அடாப்டர் எதையும் நாம் தூக்கிப்போடுவதில்லை. டிவி மேசைக்குக் கீழே ஒரு டிராயர், அதில் எப்போதோ செத்துப்போன செட்டாப் பாக்ஸ், மோடம், கார்ட்லெஸ் போன் இவற்றின் அடாப்டர்களெல்லாம் வயர் பின்னிக்கொண்டு கிடக்கும். ரவுட்டர் அடாப்டர் போய்விட்டால் அந்தக் குவியலைக் கிளறி, எந்த அடாப்டரின் பின் (வயர் நுனியிலுள்ள உருண்டைச் செருகி) உள்ளே போகிறதோ அதைச் செருகிப் பார்ப்போம். நான் அப்படித்தான் 5 வோல்ட்டில் ஓடுகிற சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றுக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தேன். விளக்கு ஒரு நொடி பளிச்சென்று எரிந்தது, அப்புறம் கருகிய வாடை, அவ்வளவுதான்.

பின்னின் அளவுக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. 5.5 மி.மீ. தடிமனுள்ள அதே உருண்டைப் பின் 5, 9, 12 வோல்ட் எல்லாவற்றிலும் வரும். அதனால் முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள். இன்புட் வரியில் 100–240 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டு 230-க்குச் சரி, அதை விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது அவுட்புட் வரி. அங்கே வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு மூன்று கோடுகளும் இருந்தால் டிசி. பாம்பு மாதிரி நெளிந்த கோடு இருந்தால் ஏசி, டிசி கேட்கும் சாதனத்தில் அதை மாட்டவே கூடாது.

வோல்ட் எண், சாதனத்தில் போட்டிருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் மட்டும் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். 1 ஆம்பியர் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் கரண்ட் அதிகமாகப் பாய்ந்து எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மாடியில் தொட்டி பெரிதாக இருந்தால் என்ன, குழாயைத் திறந்த அளவுக்குத்தானே தண்ணீர் வரும்? ஆபத்து மறுபக்கம்தான். 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 500 மில்லி ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் அடாப்டர் கொதிக்கும், ரவுட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழும், நாம் இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது பிளஸ், மைனஸ். ஸ்டிக்கரில் ஒரு புள்ளியைப் பிறைவடிவம் சுற்றியிருக்கும் படம் இருக்கும். நடுப்புள்ளியோடு சேர்ந்த குறிதான் பின்னின் உட்பக்கம். பெரும்பாலும் உள்ளே பிளஸ், ஆனால் கிட்டார் ஒலியை மாற்றுகிற எஃபெக்ட் பெடல்கள் பலவற்றில் தலைகீழ், உள்ளேதான் மைனஸ். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல். 12 வோல்ட் அடாப்டரில் 12.1 என்று வந்தால் சரி, உள்ளே பிளஸ். முன்னால் மைனஸ் வந்தால் உள்ளே மைனஸ் என்று அர்த்தம். கையில் கனக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை, 12 என்று எழுதியிருந்தும் 16, 17 காட்டலாம். ரவுட்டருக்கு அது வேண்டாம்.

இன்னொரு தொல்லை பின்னின் நடு ஓட்டையின் அளவு. 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என்று இரண்டு உண்டு. 2.5 பின்னை, 2.1 பின்னுக்கான சாதனத்தின் ஜாக்கில் (செருகும் துளையில்) செருகினால் போய்விடும், ஆனால் லூசாக ஆடி, வயரைத் தொட்டாலே சாதனம் அணையும்.

லேப்டாப்பில் இந்தக் கணக்கு மட்டும் போதாது, சில மாடல்கள் பின்னுக்குள் இருக்கும் நடுக்கம்பி வழியாக அடாப்டரை அடையாளம் பார்க்கும், தெரியாத அடாப்டர் என்றால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. டைப்-சி வேறு கதை: முதலில் 5 வோல்ட்டில் தொடங்கி, சார்ஜரும் சாதனமும் பேசிக்கொண்ட பிறகே வோல்டேஜ் உயரும், அதனால் நல்ல 65 வாட் சார்ஜரில் போனைத் தாராளமாகப் போடலாம்.

மாட்டி அரைமணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள். சரியாக ஓடினால் அடாப்டர் முதுகில் மார்க்கரால் 'ரவுட்டர்' என்று எழுதிவிடுங்கள், அடுத்த முறை டிராயரைக் கிளறும்போது எது எதற்கென்று தெரியும்.