பரணில் கிடக்கும் டிவி கேம் பெட்டியை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து என் பழைய டிவி கேம் பெட்டி இறங்கியது. கூடவே இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ‘9999999 இன் 1’ என்று அச்சடித்த மஞ்சள் கேசட். டிவியில் மாட்டினால் கறுப்புத் திரை. பழுது பார்க்கும் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் ‘போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்’ என்றார்கள். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடாப்டர் ஒயர் பிளக்கின் கழுத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நண்பர்கள் வீட்டுப் பெட்டிகள் சிலவற்றையும் திறந்து பார்த்துவிட்டேன். உண்மையிலேயே செத்துப்போன பெட்டி அபூர்வம். மின்சாரம், டிவி இணைப்பு, கேசட், ரிமோட் என்ற நான்கு இடங்களில் ஒன்றில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். இதே வரிசையில் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அடாப்டரையும் கேபிளையும் கேசட்டையும் ஒரே மூச்சில் மாற்றினால், பெட்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்பது தெரியாது.

முதலில், கையில் இருப்பது என்ன பெட்டி?

1983 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. சுருக்கமாக ஃபேமிகாம். அதுவே உருமாறி 1985-இல் ‘என்.இ.எஸ்.’ என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. நம் ஊரில் சாமுராய், மீடியா போன்ற பெயர்களிலும் பெயரே இல்லாமலும் விற்றவை பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்கள். பழைய நகல்களில் அசலைப் போலவே தனித்தனி சில்லுகள் இருக்கும். பிற்கால மலிவுப் பெட்டிகளில் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கி, அதன் மேல் கறுப்புப் பசை சொட்டியதுபோல் மூடியிருக்கும்.

மேலிருந்து செருகும் 60 முனைக் கேசட் என்றால் ஃபேமிகாம் வகை. முன்பக்கக் கதவைத் திறந்து உள்ளே தள்ளும் பெரிய 72 முனைக் கேசட் என்றால் என்.இ.எஸ். இந்த விளக்கம் முதல் வகைக்காக எழுதியது. என்.இ.எஸ். வேறுபடும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

தேவையான பொருள்கள் அதிகம் இல்லை. விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர், நட்சத்திரத் திருப்புளி, காது குடையும் பஞ்சுக் குச்சிகள், வெள்ளை அழிப்பான், கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மொபைல் பழுது பார்ப்பவர்கள் இதை ஐ.பி.ஏ. என்பார்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு நடை போதும். சானிடைசரை வைத்துச் சமாளிக்காதீர்கள்; அதிலுள்ள பசைப்பொருள் முனைகளில் ஒட்டிக்கொள்ளும்.

படி 1: மின்சாரம்

அவசரப்பட்டு எந்த அடாப்டரையும் செருகாதீர்கள். பெட்டியைக் கொல்லும் வாய்ப்பு இந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

பெட்டியின் அடியிலோ ஜாக்கின் பக்கத்திலோ வோல்ட் அளவும், பிளக்கின் எந்த முனை பாசிட்டிவ் என்று காட்டும் சிறு படமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர் தேவை; பிளக்கின் உள்முனை நெகட்டிவ். நகல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி கேட்கும். ஆனால் முனை எது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். இன்று கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் அநேகமாக உள்முனை பாசிட்டிவ். இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அடாப்டரைச் சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். சிவப்பு முனை பிளக்கின் துளைக்குள், கறுப்பு முனை வெளி உலோகத்தில். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் உள்முனை நெகட்டிவ். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான பழைய அடாப்டர் என்றால் 9 என்று எழுதியிருந்தும் மீட்டர் 12, 13 காட்டும். பயப்பட வேண்டாம், சுமை ஏறியதும் இறங்கிவிடும். எண் வந்து வந்து போனால் ஒயரைப் பிளக்கின் அருகில் மெல்ல வளைத்துப் பாருங்கள். என் பெட்டியின் மர்மம் அப்படித்தான் அவிழ்ந்தது.

பெட்டியில் எந்தக் குறிப்பும் இல்லையா? திறந்துவிடலாம். உள்ளே உலோகத் தகட்டில் திருகி வைத்த மூன்று கால் பாகம் ஒன்று இருக்கும். மேலே 7805 என்று எழுதியிருக்கும். உள்ளே வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது இதன் வேலை. எழுத்து நம்மைப் பார்த்திருக்கும்போது இடக்கால் வரவு, நடுக்கால் தரை (கிரவுண்ட், அதாவது நெகட்டிவ்), வலக்கால் 5 வோல்ட். அடாப்டர் இணைக்காமல், மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலைக்கு மாற்றி, ஒரு முனையை நடுக்காலில் வைத்து மறுமுனையால் ஜாக்கின் தொடுமுனைகளைத் தொடுங்கள். எது பீப் என்கிறதோ அதுவே நெகட்டிவ்.

7805 இல்லாமல் நேராக 5 வோல்ட் வாங்கும் பிற்காலப் பெட்டிகளும் உண்டு. அவற்றில் 9 வோல்ட் செருகினால் ஆட்டம் அன்றோடு முடிந்தது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஜப்பானிலிருந்து வந்த அசல் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருவது. அதை ஃபேமிகாம் வகைப் பெட்டியில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

சரியான அடாப்டர் கிடைத்ததும் சுவிட்சைப் போட்டு, 7805-இன் நடுக்காலுக்கும் வலக்காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறக்குறைய 5 வோல்ட் வந்தால் இந்தப் படி முடிந்தது. வரவே இல்லை என்றால் இடக்காலைப் பாருங்கள். அங்கு 9 வந்து இங்கு 5 வரவில்லை என்றால் 7805 போயிருக்க வாய்ப்பு அதிகம். சில ரூபாய்ப் பொருள்தான். பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. இடக்காலிலும் ஒன்றும் இல்லை என்றால் சுவிட்சோ ஜாக்கோதான் குற்றவாளி. அடாப்டரைக் கழற்றிவிட்டுச் சுவிட்சை இருபது முறை போட்டு அணைத்தாலே பழைய துரு விலகிச் சரியாவதும் உண்டு.

படி 2: டிவியில் படம் வரவழைப்பது

பெட்டியின் பின்னால் மஞ்சள் நிற ஏவி ஜாக் இருந்தால் அதிர்ஷ்டம். ஒலி ஒன்றுதான் வரும், வெள்ளையிலோ சிவப்பிலோ. ஸ்டீரியோ இல்லையே என்று தேடாதீர்கள்.

இன்றைய டிவிகள் பலவற்றில் மூன்று வண்ண ஜாக்குகளுக்குப் பதில் ஹெட்போன் துளை மாதிரி ஒரு ஏவி துளை மட்டும் இருக்கிறது. அதற்கான ஒயரில் எந்த வளையம் படத்துக்கு, எது தரைக்கு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. டிவியோடு வந்த ஒயரைப் பயன்படுத்துவதே நல்லது. கடை ஒயரை மாட்டி ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால், மஞ்சளைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். சில நேரம் அதிலேயே படம் வந்துவிடும்.

டிவியில் ஏவி நுழைவே இல்லை என்றால் ஏவியை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு டப்பா வாங்க வேண்டும். எச்.டி.எம்.ஐ.-யை ஏவியாக மாற்றும் டப்பாவும் அச்சு அசலாக இதே உருவில்தான் விற்கிறது. அட்டையில் அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்க்கவில்லை.

இந்த மலிவு டப்பாக்களில் ஒரு குறை உண்டு. பெட்டி அனுப்புவது ஒவ்வொரு முறையும் முழுமையான 240 கோட்டுப் படம். டப்பாவோ, டிவியோ அதைப் பழைய ஒளிபரப்பைப் போல இரண்டு பாதிகளாக வரும் 480 கோட்டுப் படம் என்று தவறாக எடுத்துக்கொண்டு தைத்து ஒட்டப் பார்க்கும். பட்டனை அழுத்தியபின் சற்றுத் தாமதித்து வீரன் குதிப்பது இந்தத் தையல் வேலையால்தான். அடிபட்டு மின்னி மின்னித் தெரிய வேண்டியவன் ஒரேயடியாக மறைந்துபோவதும் இதனால்தான். டிவியில் ‘கேம் மோடு’ இருந்தால் போட்டுவிடுங்கள். பணம் செலவழிக்கத் தயார் என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற, இதற்கென்றே செய்த கருவிகள் 240 கோட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளும். வீட்டில் பழைய படக்குழாய் டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். இந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஆனால் அந்த டிவியின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் குழாயில் தங்கும்.

ஏவி இல்லாமல் ஆன்டெனா ஒயர் மட்டும் உள்ள பெட்டி என்றால், டிவியில் அனலாக் அலைவரிசையைத் தேர்ந்து கைமுறையில் தேட வேண்டும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடுங்கள், இல்லாவிட்டால் டிவி எதைக் கண்டுபிடிக்கும்? ஜப்பானியப் பெட்டி என்றால் படம் வந்து ஒலி வெறும் இரைச்சலாக இருக்கலாம். அங்கு படத்துக்கும் ஒலிக்கும் இடையே அலைவரிசை இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், நம் ஊர் முறையில் 5.5.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பெட்டியைத் திட்டாதீர்கள். டிவி அமைப்பில் வண்ண முறையை ‘பால்’ (PAL), ‘என்.டி.எஸ்.சி.’ (NTSC) என்று மாற்றிப் பாருங்கள்.

படி 3: கேசட்

எல்லோரும் செய்ததை நானும் செய்தேன்: கேசட்டை எடு, வாயால் ஊது, மறுபடி செருகு. அது பலித்ததற்குக் காரணம் மூச்சு அல்ல. எடுத்துச் செருகியதில் முனைகள் கொஞ்சம் உரசிப் புதிய இடத்தில் தொட்டதுதான் காரணம். மூச்சின் ஈரம் செம்பை அரிக்கத்தான் உதவியது.

ஐ.பி.ஏ.-வில் நனைத்த பஞ்சுக் குச்சியால் கேசட்டின் தங்க நிற முனைகளை இருபக்கமும் துடையுங்கள். பஞ்சு கறுப்பதைப் பார்த்தால் நாம் எதை ஊதிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும். கறை போகவில்லை என்றால் வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, மறுபடி துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு ஒரே தேய்ப்பில் போய்விடும். பெட்டியின் செருகுவாய்க்கு, கெட்டி அட்டையில் மெல்லிய துணியைச் சுற்றி ஐ.பி.ஏ. தொட்டு, மின்சாரம் இல்லாதபோது ஏழெட்டு முறை செருகி எடுங்கள். ஐந்து நிமிடம் காயட்டும்.

திரையைப் பார்த்தே நோயை ஊகிக்கலாம். பொதுவாக ஃபேமிகாம் கேசட்டில் இரண்டு தனி நினைவகங்கள் உண்டு. ஒன்றில் விளையாட்டின் நிரல், மற்றொன்றில் உருவப்படங்கள். இரண்டும் வெவ்வேறு முனைகள் வழியாகப் பேசுகின்றன. ஒரே நிறத்தில் உறைந்த திரை என்றால் நிரலே படிக்கப்படவில்லை. இசை ஒழுங்காக ஒலித்து, விளையாட்டு நகர்ந்து, உருவங்கள் மட்டும் எழுத்துக் குப்பையாகச் சிதறினால் படப் பக்கத்து முனைகளில்தான் அழுக்கு. இரண்டாவது நிலை நல்ல செய்தி: பெட்டியின் மூளை நன்றாக இருக்கிறது. என்.இ.எஸ்.-இல் சிவப்பு விளக்கு நொடிக்கொரு முறை மின்னிக்கொண்டே இருந்தால், அசல் கேசட்தானா என்று உறுதிசெய்ய கேசட்டுக்குள் வைத்த அனுமதிச் சில்லோடு பெட்டியால் பேச முடியவில்லை என்று பொருள். அதற்கும் மருந்து இதே துடைப்புதான்; போதவில்லை என்றால் 72 முனை செருகுவாயையே மாற்ற வேண்டும்.

படி 4: ரிமோட்

ரிமோட்டில் எட்டு பட்டன்கள்; ஆனால் ஒயருக்குள் வேலைக்கு வருவது ஐந்தே கம்பிகள். எட்டு பட்டன்களின் நிலையையும் ஒரு சில்லு வரிசையாக நிறுத்தி ஒரே கம்பி வழியாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. எனவே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஒயரைச் சந்தேகிக்கவே தேவையில்லை. திறந்து, அந்தப் பட்டனின் ரப்பரில் உள்ள கறுப்புக் கார்பனையும் போர்டில் அது தொடும் இடத்தையும் மெல்லத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கார்பனே உரிந்துவிடும். எல்லாப் பட்டன்களும் ஒரேயடியாகச் செத்திருந்தால், கம்பி அறுந்திருக்கிறது. ஒயர் ரிமோட்டுக்குள் நுழையும் கழுத்தில் தேடுங்கள்.

பழுது அல்லாதவை

இவற்றைப் பழுது என்று நினைத்து நானே நேரம் வீணடித்திருக்கிறேன். ஒரே வரிசையில் நிறைய எதிரிகள் வந்ததும் உருவங்கள் மினுங்கினால், அது பெட்டியின் பிறவிக் குணம்: ஒரு கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் அதனால் வரைய முடியாது. துப்பாக்கி புதிய டிவியில் சுடாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு இலக்கு மட்டும் வெள்ளையாக ஒளிரும். அந்த ஒளியைப் படக்குழாய் காட்டும் விதத்திலும் நேரத்திலும்தான் துப்பாக்கி எதிர்பார்க்கிறது. அசல் ஃபேமிகாமில் மின்சாரம் வந்ததைக் காட்டும் விளக்கே கிடையாது. அதன் இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனும் கிடையாது. நகல்கள் பலவும் அதை அப்படியே பின்பற்றின. தம்பியாகப் பிறந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்த அண்ணனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது அதனால்தான்.