வன்னியில் வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வாடகை எவ்வளவு கேட்பது என்று யோசிக்க முன்னர் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கும் பல வீடுகள் உறுதிக் காணியில், அதாவது சொந்த உறுதி உள்ள தனியார் காணியில் இல்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய பெர்மிட் (அனுமதிப்பத்திர) காணியிலோ அளிப்புப் பத்திரக் காணியிலோ நிற்கின்றன. அந்தச் சட்டம் விற்பனையை மட்டுமல்ல, குத்தகையையும் (காலம் குறித்து வாடகைக்குக் கொடுப்பதையும்) கைமாற்றமாகவே பார்க்கிறது. சட்டம் கேட்கும் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. பிணக்கு வரும் நாளில் உங்கள் ஒப்பந்தம் வெறும் தாளாகிவிடும்; நிபந்தனையை மீறியதாகப் பெர்மிட்டுக்கே ஆபத்தும் வரலாம். ஆகவே பெர்மிட் என்றால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், இந்தக் காணியில் குத்தகைக்கு இடமுண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, யார் கையெழுத்து வைப்பது. வீடு மனைவியின் சீதனமாக இருந்து கணவர் மட்டும் ஒப்பமிடுவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். அது பிழை. உரித்தாளர் மனைவி என்றால் மனைவிதான் ஒப்பமிட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். உரித்தாளர் வெளிநாட்டில் இருந்தால், தொலைபேசியில் சொன்னார் என்று மைத்துனர் ஒப்பமிட முடியாது. முறையாக அத்தாட்சிப்படுத்தி இங்கே பதிவு செய்த அற்றோணித் தத்துவம் (அவருக்காகச் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டும். வாடகை வாங்குவது, அறிவித்தல் கொடுப்பது, வழக்குப் போடுவது மூன்றும் அதில் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டு எழுதிய தத்துவத்தால் பின்னர் அலைய வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில்தான் கூடுதல் பேர் பிழை விடுகிறார்கள். முத்திரைத் தாளில் எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய ஒரு வருடம் நிற்காது. நீதிமன்றம் அதை மாத வாடகையாகவே பார்க்கும். காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மாவட்ட நீதிமன்றம் ஊடாக விரைவாக மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தனி நடைமுறை ஒன்றைத் தந்திருக்கிறது. ஒழுங்கான ஆவணம் இருப்பவருக்குத்தான் அது பயன்படும். நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வாடகைத் தொகை, செலுத்தும் திகதி, முற்பணம், காலம், உப வாடகைக்குக் கொடுக்கத் தடை ஆகியவற்றை நொத்தாரிசே கேட்டு எழுதுவார். இங்கத்தைய வீட்டுக்கு வேண்டியவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாடகைக்கு வருவோரில் ஆசிரியர், வைத்தியர், வங்கி உத்தியோகத்தர் பலர். இடமாற்றக் கடிதம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள். கடிதத்தின் பிரதியோடு ஒரு மாத அறிவித்தல் தந்து விலகலாம் என்று ஒரு வாசகம் இருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. கிணறு இறைப்பது, மோட்டர் எரிந்தால் திருத்துவது, மாரியில் மலசலகூடக் குழி நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசருக்குக் காசு கொடுப்பது, குரங்கு உடைத்த கூரை ஓடுகளை மாற்றுவது, வளவுத் தேங்காய் யாருக்கு என்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். தேங்காய் சின்ன விடயம் போலத் தெரியும். மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். கட்டுமானப் பழுது உரித்தாளருக்கு, பாவனைப் பழுது குடியிருப்பவருக்கு என்று பிரிப்பதே நியாயம்.

திறப்பைக் கொடுக்கும் நாளில் மின்மானி இலக்கத்தை இரு தரப்பும் பார்க்கப் படம் எடுங்கள். மின் கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை நிலுவையும் உங்களிடம்தான் வரும். மாதாந்தம் பில்லின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மின்விசிறி, கதவுப் பூட்டு, யன்னல் கண்ணாடி, தண்ணீர்த் தாங்கி, மோட்டர் ஆகியவற்றைப் பட்டியலிட்டு இருவரும் ஒப்பமிடுங்கள். அடையாள அட்டைப் பிரதியை வாங்கி வைத்து, கிராம அலுவலருக்கும் தகவல் கொடுங்கள்.

வாடகையை வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் எந்த மாதத்துக்கு என்று குறித்துப் பற்றுச்சீட்டு கொடுத்து, அடிக்கட்டையை வைத்திருங்கள். மாத வாடகை ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் போனால், 2023 ஜனவரி முதல் 10 வீத நிறுத்திவைத்தல் வரி உண்டு. வீட்டை வாடகைக்கு எடுத்த வங்கியோ நிறுவனமோ அதைக் கழித்துத் தந்தால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

மாத வாடகைக்கு இருப்பவரை எழுப்புவதானால் ஒரு முழு வாடகை மாத அறிவித்தல் வேண்டும். முதலாம் திகதி குடிவந்தவரை ஜூன் 30இல் எழுப்ப, அறிவித்தல் மே 31க்குள் அவர் கையில் கிடைத்திருக்க வேண்டும். 10ஆம் திகதி வந்தவருக்கு மாதம் 9ஆம் திகதிதான் முடியும். இந்தக் கணக்குத் தவறினால் அறிவித்தலே செல்லாமல் போகும். பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள். அதன் பின்னர் பணம் வந்தால், வாடகை என்று எழுதாமல் பாவனைக்கான நட்டஈடு என்று எழுதியே பற்றுச்சீட்டு கொடுங்கள். வாடகை என்று வாங்கினால் குடியிருப்பு தொடர்கிறது என்று வாதிட இடமாகும். நகரப் பகுதியில் நீண்ட காலமாக இருக்கும் குடியிருப்பு என்றால், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்துமா என்று சட்டத்தரணி முதலில் பார்க்கட்டும். பொருந்தினால் காரணங்களும் அறிவித்தல் காலமும் வேறு.

எவ்வளவு கோபம் வந்தாலும் பூட்டை மாற்றாதீர்கள், மின்சாரத்தை வெட்டாதீர்கள், சாமானை முற்றத்தில் வைக்காதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு வரும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியமர்த்த நீதவான் கட்டளையிடலாம். அங்கே காணி யாருடையது என்று பார்ப்பதில்லை, யார் இருந்தார் என்றே பார்ப்பார்கள். நிலுவைத் தொகை சிறியது என்றால் இணக்க சபைக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால் தரும் சான்றிதழ் வழக்குக்குத் தேவைப்படும்.

வெளியேறும் நாளில் பழைய பட்டியலை வைத்து இருவரும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கடைசி மின் பில்லுக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதி முற்பணத்தை அன்றே கொடுங்கள். ஆளும் சாமானும் இல்லாத வெற்று வீட்டையும் திறப்பையும் ஒப்படைத்ததாகத் திகதியிட்டு ஒப்பம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பூட்டை மாற்றுங்கள்.