கையைக் கொத்தும் கோமாளி மீனைச் சமாளிக்கும் முறை

உப்புநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யக் கையை உள்ளே விட்டவுடன், உள்ளங்கை அகலம்கூட இல்லாத கோமாளி மீன் பாய்ந்து வந்து விரலிடுக்கில் கொத்துவது, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழக்கமான தொல்லைதான். அந்த மீனுக்கு உங்கள் மீது பகை எதுவும் இல்லை. அது தன் இடத்தைக் காவல் காக்கிறது. அதன் இயல்பை மாற்ற முயல்வது வீண் வேலை. கை போகும் வழியையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதே பலன் தரும்.

கடலில் இந்த மீன், தான் குடியிருக்கும் அனிமோனை (பாறையில் ஒட்டி வாழும், பூப்போலத் தோன்றும் ஒரு கடலுயிர்) விட்டு வெகுதூரம் போவதில்லை. அனிமோனின் கொட்டும் இழைகளுக்கிடையே அதற்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. அந்த அனிமோனைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை அது விரட்டியடிக்கிறது. கெடா கடற்பகுதியிலுள்ள பாயார் தீவில் முகமூடி அணிந்து நீந்தியவர்கள், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மனிதரின் முகத்துக்கு நேராகவே அது வந்து நிற்பதைப் பார்த்திருக்கலாம். வீட்டுத் தொட்டியில் அனிமோன் இல்லாவிட்டால் மென்பவழம், பவர்ஹெட் எனப்படும் நீரோட்டப் பம்பு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காந்தத் துடைப்பான் என எதையாவது அது தன் வீடாக்கிக்கொள்ளும். அந்த மையம் எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அடுத்ததாக, கொத்துவது எந்த மீன் என்று கவனியுங்கள். கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதும் அதிகாரம் செலுத்துவதுமான மீன் பெண்ணாக மாறுகிறது, அதற்கு அடுத்தது அதன் துணையாகிறது. பெண் இறந்துபோனால் துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே, நேற்றுவரை சாதுவாக இருந்த மீன் இன்று கையைத் தாக்குகிறது என்றால், அதன் குணம் கெட்டுவிட்டது என்று எண்ணுவதைவிட, அதன் பதவி உயர்ந்திருக்கிறது அல்லது முட்டையிடும் காலம் வந்திருக்கிறது என்று எண்ணுவதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பசியில் கடிப்பதையும் காவலுக்காகக் கடிப்பதையும் பிரித்தறிவது அவசியம், ஏனெனில் இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு. பசித்த மீன் நீர்மட்டத்துக்கு வந்து, விரல் போகும் பக்கமெல்லாம் கூடவே வந்து, நுனியை மட்டும் கொத்திப் பார்க்கும். கையிலிருந்து உணவு கொடுத்துப் பழக்கியவர்களின் தொட்டியில் இது சகஜம். அப்படியானால் கையால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, நீண்ட கரண்டியாலோ குழாயாலோ உணவு கொடுங்கள். சுத்தம் செய்வதற்குச் சற்று முன்னரே தீனி போட்டுவிடுங்கள். காவல் காக்கும் மீன் உணவைப் பொருட்படுத்தாது. தன் மையத்திலிருந்து நேர்கோட்டில் புறப்பட்டு, மணிக்கட்டையோ விரல்களுக்கிடையிலுள்ள மெல்லிய தோலையோ இடித்துவிட்டு, உடனே அதே இடத்துக்குத் திரும்பும். பிறகு மறுபடியும் வரும். சில சமயம் தாடைப் பற்களை மோதி எழுப்பும் ‘டக் டக்’ என்ற ஒலி கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். அந்த ஒலி ஓர் எச்சரிக்கை. கேட்டால் கையைச் சற்று விலக்கி வேறு பக்கத்திலிருந்து வேலையைத் தொடருங்கள்.

மையத்துக்கு அருகிலுள்ள பாறையிலோ கண்ணாடியிலோ ஆரஞ்சு நிறத் திட்டு ஒன்று தெரிந்தால் அது முட்டைத் தொகுதி. ஆண் மீன் அதன் மேல் நின்று செவுள் பக்கத்துத் துடுப்புகளால் விசிறிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக முட்டைகள் கருத்து, குஞ்சுகளின் வெள்ளி நிறக் கண்கள் புள்ளிகளாகத் தெரியும். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள், விளக்கணைந்த பிறகு இருட்டில் பொரியும். அதுவரை அந்தப் பக்கத்து வேலை எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். பாசி சில நாள் கூடுதலாக இருந்தால் குடி முழுகிப்போகாது.

நல்ல ஜோடி மாதத்துக்கு இருமுறைகூட முட்டையிடும் என்பதால், இடத்தை நீங்களே தேர்ந்து கொடுப்பது புத்திசாலித்தனம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலும் பொங்கல் சமயத்தில் விற்கும் சிறிய மண்பானை இதற்கு ஏற்றது. சாயமோ மெருகோ பூசாத பானையாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று நாள் நல்ல நீரில் ஊறப்போட்டு, மீன்கள் ஏற்கெனவே விரும்பும் மூலைக்கு அருகே பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மீன்கள் பானையை ஏற்றுக்கொண்டால் காவல் எல்லையும் அதைச் சுற்றியே அமையும். நீங்கள் அடிக்கடி கைவைக்கும் முன்பக்கக் கண்ணாடி ஓரளவு விடுபடும். ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம், கட்டாயப்படுத்த வழியில்லை.

கை உள்ளே போக வேண்டிய நேரங்களைக் குறைப்பது அடுத்தபடி. பால்கனி வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் பாசி பெருகும், பாசி பெருகினால் துடைக்க வேண்டியிருக்கும், துடைக்கப் போனால் கடி விழும். கண்ணாடிக்குக் காந்தத் துடைப்பான், பாறைக்கு நீண்ட இடுக்கி, குப்பைக்குச் சைஃபன் குழாய் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை கை நனையாமலே முடியும். நம் ஊர் வெப்பத்தில், மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் நீர் விரைவாக வற்றும். அதை ஈடுசெய்யும் நன்னீரையும் குழாய் வழியாகவே ஊற்றுங்கள்.

கையை விட்டே ஆக வேண்டும் என்றால், பம்பு, பவர்ஹெட் முதலியவற்றின் சுவிட்சை அணைத்து பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மீன் இடித்த அதிர்ச்சியில் கையை வெடுக்கென்று இழுத்துப் பவழத்தை உடைப்பவர்களே அதிகம். முழங்கைக்கு மேல் வரும் ரப்பர் கையுறை அந்தத் திடுக்கிடலைத் தடுக்கும். இன்னொரு வழி, காய்கறி அலசும் ஓட்டைப் பிளாஸ்டிக் கூடையை மீனுக்கும் கைக்கும் நடுவே பிடிப்பது. வீட்டில் ஒருவர் கூடையைப் பிடிக்க, மற்றவர் மறுபக்கத்தில் வேலையை முடித்துவிடலாம். கை மெதுவாக, மையத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கட்டும்.

வலையால் துரத்துவதோ, விரலால் தட்டுவதோ, கண்ணாடியை அடிப்பதோ வேண்டாம். நீங்கள் தண்டிக்கிறீர்கள் என்பது மீனுக்குப் புரியாது. எதிரி வலுத்துவிட்டான் என்று மட்டுமே அதற்குத் தோன்றும். பாறைகளை மாற்றி அடுக்கினால் எல்லை குழம்பி வேகம் தணியும் என்பது உண்மை. ஆனால் புதிய மீன் விடும்போது உதவும் அந்த உத்தியை, வேரூன்றிய அனிமோனும் முட்டையும் உள்ள தொட்டியில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோமாளி மீன்களில் சிறியதான ஓசெல்லாரிஸ் வகையின் கடி பெரும்பாலும் தோலைக் கிழிக்காது. மரூன் வகைப் பெண் மீன் 15 சென்டிமீட்டர்வரை வளரும், இரத்தம் வரக் கடிக்கும். அதன் கன்னத்திலுள்ள முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைப் பிடிக்க வலைக்குப் பதில் டப்பாவைப் பயன்படுத்துங்கள். தோல் கிழிந்தால் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொட்டிப் பக்கம் போக வேண்டாம். மீன் தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி இருக்கக்கூடும். அதனால் வரும் கட்டியோ ஆறாத புண்ணோ சில வாரம் கழித்தே விரலில் தலைகாட்டும். அப்போது கிளினிக்கில், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் காரணம் பிடிபடத் தாமதமாகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், சிறிய தொட்டிக்கு ஓசெல்லாரிஸ் போதும். மரூன், டொமேட்டோ, கிளார்க்கி வகைகளின் முரட்டுத்தனம் சிறிய தொட்டியில் தாங்காது. சமாளிக்க முடியாத மீனைக் கடையிலோ வேறொரு வளர்ப்பவரிடமோ ஒப்படையுங்கள், கடலில் விட வேண்டாம். தொட்டியிலுள்ள நோய்களும் அதோடு சேர்ந்து கடலுக்குப் போய்விடும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடமோ உறவினரிடமோ தொட்டியை ஒப்படைப்பவர்கள், ஒரு தாளில் எந்தப் பக்கத்தில் கை வைக்கக் கூடாது, உணவு எந்தக் கரண்டியால், எவ்வளவு என்று எழுதித் தொட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய உணவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்தால் அவர் தொட்டிக்குள் கைவிட வேண்டிய தேவையே வராது.